கறுப்புத் துணிக்குள் நிற்கும் வண்டி

ஒரு காருக்கு எதற்கு இத்தனை வெட்கம் என்றுதான் கோகிலவாணிக்குத் தோன்றியது. மேடையில் ஏற்றி நிறுத்தி, மேலே கறுப்புப் பட்டுத் துணி போர்த்தி, நாலு மூலைக்கும் கோட்டுப் போட்ட ஆட்களைக் காவல் வைத்து, சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கல்யாணக் கூட்டத்தை ஜூஸ் டம்ளரோடு நிற்க வைத்திருக்கிறார்கள். கல்யாணப் பெண்ணைக்கூட இப்படி மூடி வைப்பதில்லை. அவளும் முகூர்த்தத்துக்கு முந்தி நாலுதரம் பாத்ரூம் போய்வருவாள், எல்லோரும்தான் பார்ப்பார்கள். மடியில் மகள் குட்டி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள், பட்டுப்புடவையில் எச்சில் வடிந்தது. வடியட்டும். பட்டு கட்டிக்கொண்டு வரச் சொன்னது புருசன் பூபதிதான். கோயமுத்தூர் ஷோரூமுக்குப் பெரிய பெரிய ஆளெல்லாம் வருவாங்க, நாமளும் ஆளாட்டத் தெரியோணுமல்ல என்றான். ஆளாட்டத் தெரிகிறவனைப் பார், கயிற்றில் வயிறு படுகிற அளவுக்கு நெருங்கி நிற்கிறான், பக்கத்தில், தன் காரில் பின்னாலேயே வந்த அவன் சித்தப்பா மகன் பரணி. பொண்டாட்டி பிள்ளையைக் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்த்தியாயிற்று. இனி அவன் இந்தப் பக்கம் திரும்புவது கையெழுத்து வேண்டும்போதுதான். அதற்குத்தானே கூட்டி வந்தது. வீட்டில் ஓடுகிற சின்னக் கார் அவள் பேரில் இருக்கிறது. உங்க ஜாதகத்துக்கு வாகன ராசி இல்லை, சம்சாரம் பேருல வாங்குங்க என்று சங்ககிரி ஜோசியர் சொன்னதால் வந்த பாக்கியம் அது. அந்தக் காரை இன்றைக்கே இங்கே கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக இந்த மூடின வண்டியைப் புக் பண்ணப்போகிறான். இன்றைக்கு வளர்பிறை முகூர்த்தமாம். புக் பண்ணினால் வண்டி இன்றைக்கா வரும்? தை மாதம் வரும். ஜோசியர் சொல்படி அதுவும் அவள் பேரில்தான் வரும். பேர் அவளுக்கு, சாவி அவனுக்கு. அந்தச் சாவிக்காரன் தையில் ஊரில் இருப்பானா என்றால் அதுவும் இல்லை; தீபாவளி முடிந்ததும் போர்வெல் லாரியோடு சத்தீஸ்கர் போய்விடுவான், அங்கே மழை பிடித்து வேலை நின்றால்தான் ஆனியில் திரும்புவான். அத்தனை மாதமும் அவளும் குட்டியும் எதில் போவார்களாம்? “அதான் பரணி இருக்கறானல்ல” என்றான் காலையில், பவானி தாண்டும்போது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே. கொஞ்ச தூரம் போனதும் குரலைக் குழைத்து, “இனி நீ சிரமப்பட்டு வண்டி ஓட்ட வேண்டியதில்ல புள்ள” என்றான்.

சிரமப்பட்டு. அந்த வார்த்தை பல்லிடுக்கில் மாட்டின தேங்காய் நார் மாதிரி அப்போதிருந்து நிற்கிறது, நாக்கு அதையே போய்ப் போய்த் தொடுகிறது. யார் சொன்னது சிரமமென்று? அவள் சொன்னாளா? போர்வெல் லாரி ஓட்டுகிறவனுக்குத் தெரியாதா, கிளச்சை விடும்போது வண்டி காலடியில் அசைந்து கொடுக்கிற சுகம்? தெரியும். தெரிந்துதான் சொல்கிறான். எதற்காகச் சொன்னான் என்பதுதான் பிடிபடவில்லை, பிடிபடாததால் வேறெதையாவது பார்க்கலாமென்று துணியைப் பார்த்தாள். துணிக்கு மேலே பெரிய டிவியில் அந்த வண்டியின் ஒரு கண் மட்டும் தெரிந்தது. ஆனி மாதம் பூபதி ஊர் திரும்பியதிலிருந்து வீட்டில் இந்தக் கண்தான் பேச்சு. இருட்டுக்குள் ஒரே ஒரு ஹெட்லைட், அதுவும் பாதி. கம்பெனிக்காரன் போனில் விட்ட படம். அதைத் தட்டுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்துக்கொண்டு தோசை தின்பான், பரணியும் வந்து உட்கார்ந்துகொள்வான். “அந்தக் கோட்டப் பாத்தீங்களாண்ணா, போனட்டுலிருந்து எறங்கி வருதல்ல, வண்டியோட குணமே அதுலதான் இருக்குது” என்பான். கோட்டுக்குக் குணமாம். தன் பொண்டாட்டி தைத்துப் போட்டிருக்கிற ஜாக்கெட்டைப் பார்த்து என்றைக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பானா இந்தக் குணங்கண்டவன்? ஒரு கண்ணைப் பார்த்துவிட்டுக் கல்யாணம் பேசுகிற கூட்டம் இவர்களைத் தவிர உலகத்தில் இருக்காது. அப்புறம் பின்லைட் வந்தது, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே சிவப்புக் கோடு, அரைஞாண்கயிறு கட்டின மாதிரி. அதற்கும் ஒரு வாரம் பேச்சு. அப்புறம் ரோட்டில் ஓட்டிப் பார்க்கிற வண்டியை யாரோ மறைந்து நின்று எடுத்த படம் வந்தது. உடம்பு பூராவும் கறுப்பு வெள்ளையில் சுழிசுழியாக, நாய் குதறிப் போட்ட மெத்தை மாதிரி. “இந்தக் கோலத்துலயா வாங்கப் போறீங்?” என்று அவள் தெரியாமல்தான் கேட்டாள். அண்ணனும் தம்பியும் புரையேறச் சிரித்தார்கள். அடையாளம் தெரியக்கூடாதென்று ஒட்டின ஸ்டிக்கராம். “அண்ணிகிட்ட அபிப்ராயமெல்லாம் கேக்கப்படாதுங்ண்ணா” என்றான் பரணி. அதற்குப் பிறகு கேட்கவும் இல்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கைப்பிடியைக் கதவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறானே, கிட்டப் போனால்தான் வெளியே நீட்டுமாமே, இடுப்பில் பிள்ளையும் கையில் காய்கறிப் பையுமாக நிற்கிறவள் அது நீட்டுகிற வரைக்கும் பல்லை இளித்துக்கொண்டு நிற்பதா? திருச்செங்கோட்டு வெயிலுக்குத் தலைக்கு மேலே முழுசும் கண்ணாடி; உள்ளே உட்கார்ந்தால் அப்பளம் பொரிந்துவிடும். சீட்டு வெள்ளை. வெள்ளைச் சீட்டென்று வரைந்தவன் கல்யாணமாகாதவனாகத்தான் இருப்பான், பிள்ளை ராகிக்கூழைக் கக்கி ஒருநாளும் பார்க்காதவன். ஏசியைக் கூட்டுவதற்கு ஒரு பித்தான் கிடையாது, எல்லாம் டிவியில் தேடோணும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் முன்னால் போகிற டிராக்டரில் மோதிவிடலாம். பின்பக்கம் சரிவாக இறங்குவதுதான் அழகென்று பரணி உருகினான். அந்தச் சரிவில் ஒரு மூட்டையை நிமிர்த்தி வைக்க முடியாது, படுக்கப்போட வேண்டும், அதுவும் சம்மதித்தால். கதவுக்குள்ளே அறுபத்துநாலு நிறத்தில் லைட்டு எரியும், எதற்கு, காதுகுத்துப் பந்தலா? முன்பக்கம் வாய், அம்மாடி, அந்த வாய், எதிரே வருகிறவனைக் கடித்து மென்று துப்புகிற மாதிரி. இதற்குப் பேர் கிராஸ்ஓவராம். காரும் இல்லை ஜீப்பும் இல்லை, ரெண்டுங்கெட்டான். அதை இவ்வளவு தூரம் வந்து கும்பிட்டு வாங்கிக்கொண்டு போய்ச் செட்டுக்குள் நிறுத்தி, இங்கே பட்டு போர்த்தின மாதிரி அங்கே தார்ப்பாய் போர்த்திவிட்டுச் சத்தீஸ்கர் போய்விடுவான். மாதம் ஒருதரம் பரணி வந்து ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பான். அவள் அதன் மேல் பூனை ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிரமப்பட்டு வண்டி ஓட்ட வேண்டியதில்லை.

“நீங்க எந்தக் கலர் சொல்லிருக்கீங்க?” பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் கேட்டாள். வைர மூக்குத்தி, கழுத்தோடு வெட்டின முடி, திருப்பூர்ப் பனியன் கம்பெனியாக இருக்கும். “சிமெண்ட் கலருங்” என்றாள் கோகிலவாணி, தன் காரை நினைத்துக்கொண்டு. “அட, அப்படி ஒரு ஷேடு வருதா? என் வீட்டுக்காரர் சொல்லவே இல்லியே.” “வருதுங். கொஞ்சம் மங்கலா இருக்கும், கழுவாட்டியும் தெரியாது.” “அதான் நல்லதுங்க” என்று அந்த அம்மாள் மனசாரத் தலையாட்டிவிட்டுப் போனில் யாருக்கோ எழுத ஆரம்பித்தாள். கோகிலவாணிக்கு வயிற்றுக்குள் சிரிப்பு குமிழியிட்டது, குட்டி எழுந்துவிடுமே என்று அடக்கிக்கொண்டாள். அடக்கின சிரிப்பு போகிற வழியில் எதிலோ தட்டிற்று. ஏனென்றால் கண்ணாடிச் சுவருக்கு வெளியே, வெயிலில், அந்தச் சிமெண்ட் கலர் நின்றுகொண்டிருந்தது. பழைய வண்டிக்கு விலை மதிக்கிற ஒருத்தன், கையில் சிலேட்டு மாதிரி ஒரு டேப் வைத்துக்கொண்டு, அதைச் சுற்றிச் சுற்றி வந்து விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்தான், மாட்டுச் சந்தையில் தட்டுகிற மாதிரி. குனிந்து கீறல்களைப் படம் எடுத்தான். இடது பக்கக் கீறல் திருச்செங்கோட்டு மார்க்கெட்டுத் தள்ளுவண்டி. பின் பம்பர் அவளே போய் முட்டினது, டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்த புதிதில், வீட்டு மாட்டுத்தொட்டியில். அப்போது குட்டி வயிற்றில் ஐந்து மாதம். வண்டி வாங்கிப் போட்டுவிட்டு அவன் போய்விட்டான், செட்டில் சும்மா நிற்கிறதே என்று அவளாகத்தான் போய்ச் சேர்ந்தாள். சொல்லிக்கொடுக்கிறவர் பொரிகடலை மென்றுகொண்டே, “பிரேக்கு அம்மிணி, பிரேக்கு, அது பிரேக்கு இல்ல” என்பார். எட்டுப் போட்டுக் காட்டினபோது ஆர்டிஓ ஆபீஸில் கூடி நின்ற பையன்கள் வாயை மூடினார்கள். அன்றைக்குத் திரும்பி வருகிற வழியில் தன்னந்தனியாகக் கரும்புச்சாறு குடித்தாள், காருக்குள் உட்கார்ந்தே. இவன் என்ன தட்டுகிறான், என்னத்தைக் கண்டான், அந்த வலது பின்கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும், அடித்துச் சாத்துகிறானே.

சாத்தின சத்தம் கண்ணாடிக்குள் கேட்கவில்லை. கேட்காத சத்தம்தான் அவளுக்குப் பயம். போன கார்த்திகையில் மத்தியானம், மழை, குட்டிக்குக் காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது, கஞ்சி ஊட்டும்போதே கண் மேலே செருகிக் கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. பரணிக்குப் போன் போட்டாள், மணி அடித்தது, அடித்து நின்றது. மறுபடி போட்டாள். மூன்றாந்தரம் போடவில்லை. பின் சீட்டில் குழந்தை நாற்காலியில் வைத்துப் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டு ஈரோட்டு ரோட்டில் ஏறிவிட்டாள். மழையில் துடைப்பான் போதவில்லை, கண்ணாடியில் மூச்சுப் படிந்து படிந்து மறைத்தது, முந்தானையால் துடைத்தாள். பின்னாலிருந்து அழுகைச் சத்தம் வந்தால் பயம், சத்தம் நின்றால் அதைவிடப் பயம். திரும்பிப் பார்த்தால் லாரி வந்துவிடும். அதனால் பேசிக்கொண்டே போனாள், குட்டி, மாடு பாரு, குட்டி, பாலம் பாரு, தண்ணி எத்தனை போவுது பாரு. மாடும் இல்லை, பாலமும் தெரியவில்லை, மழை மட்டும்தான். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினபோது என்ஜினை அணைக்கக்கூடக் கை வரவில்லை, யாரோ உள்ளே கையை விட்டு அணைத்தார்கள். காய்ச்சல் வலிப்புதாம்மா, பயப்பட ஒண்ணுமில்ல, அஞ்சு வயசு வரைக்கும் திரும்ப வரலாம், வந்தா தாமதிக்காமக் கொண்டாந்துருங்க என்றார் டாக்டர். வரலாம். இப்போது குட்டிக்கு ரெண்டு. பூபதிக்குப் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். “பரணியக் கூப்புட்டிருக்கலாமல்ல” என்றான். இப்போது மடியில் தூங்குகிறதன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். குளிர்ந்துதான் இருந்தது, ஏசி. வைக்காமல் இருக்க முடிவதில்லை. அங்கே கயிற்றோரம் பரணி விரலால் காற்றில் ஒரு வளைவு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான், பூபதி அந்த வளைவைக் கண்ணாலேயே தடவினான்.

விளக்குகளை அணைத்தார்கள். எங்கிருந்தோ உறுமல், என்ஜினா மேளமா என்று தெரியாமல், தரை அதிர்ந்தது. குட்டி ஒருமுறை துள்ளிவிட்டு அடங்கினாள். புகை விட்டார்கள், கோவிலில்கூட இவ்வளவு சாம்பிராணி போடமாட்டார்கள். ஒரு வெள்ளை வெளிச்சம் மேலிருந்து இறங்க, நாலு மூலை ஆட்களும் குனிந்து இழுக்க, துணி தண்ணீர் மாதிரி வழிந்து கீழே போனது. நூறு போன்கள் உயர்ந்தன. கோகிலவாணி உதட்டைச் சுழித்துக்கொண்டுதான் பார்த்தாள், சுழித்தபடியே மூச்சு நின்றது. மழை கட்டி நிற்கிறபோது மலை ஒரு நிறத்தில் இருக்குமே, அந்த நிறம். வாய் பெரிய வாய்தான், ஆனால் கடிக்கிற வாயாக இல்லை, தூங்கி எழுந்து கொட்டாவி விடப்போகிற மாதிரி இருந்தது. பக்கத்தில் ஓடின கோடு, பரணி சொன்ன அதே கோடு, முன்னாலிருந்து பின்னால் போய் எங்கே முடிகிறதென்று தெரியாமல் கரைந்தது. சே, நன்றாகத்தான் இருக்கிறது. இது பிடிக்காமல் போயிருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். பூபதி திரும்பி அவளைத் தேடினான், இருட்டில் அவன் பல் தெரிந்தது. அவன் தலைதீபாவளிக்கு மத்தாப்புப் பிடித்துக்கொண்டு நின்றபோது இருந்த முகம். அந்த முகத்தைப் பார்த்துத்தானே இத்தனை வருசமும். அவளும் சிரித்துவிட்டாள்.

சிரித்தது வினையாகப் போயிற்று. விளக்குகள் எரிந்த கையோடு ஷோரூம் பெண் ஒருத்தி அட்டையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு வந்து நின்றாள், பின்னாலேயே பூபதியும் பரணியும். “மேடம், பழைய வண்டிக்கு இங்க ஒரு சைன் மட்டும். சாவி வெளிய எங்க ஆளுகிட்டதான் இருக்கு, மத்ததெல்லாம் சார் முடிச்சிட்டாங்க.” பேனாவின் மூடியைக்கூட அவளே திறந்து கொடுத்தாள். “போடு புள்ள, ராகு காலம் வந்துரும்” என்றான் பூபதி. கோகிலவாணி பேனாவை வாங்கி, மூடியைப் போட்டு, அட்டையின் மேலேயே வைத்தாள். “புது வண்டி வாங்குங் மாமா. அது வேண்டாங்கல. எம்பட வண்டியக் குடுக்கறாப்புல இல்லீங்.” பூபதிக்குச் சட்டென்று விளங்கவில்லை. “ரெண்டு வண்டி எதுக்கு வாணி? பழசு அது.” “ஓடுதல்லங்.” “நாந்தான் சொன்னனே, பரணி இருக்கறான்னு.” “தம்பி இருக்கறாருங். கார்த்திகையிலயும் இருந்தாரு.” பரணி மேலே கூரை லைட்டை ஆராயத் தொடங்கினான். ஷோரூம் பெண் இரண்டடி பின்னால் நகர்ந்து, நகராத மாதிரி நின்றாள். பூபதி கிட்டே குனிந்தான். மூச்சில் ஆரஞ்சு ஜூஸ் மணத்தது. “சொன்னாப் புரிஞ்சுக்க புள்ள. ஊருக்குள்ள பேசறாங்க. பூபதி பொண்டாட்டி நெனச்சா வண்டிய எடுத்துட்டுக் கெளம்பிடறா, எங்க போறா எப்ப வாறான்னு தெரியலீன்னு. நான் அத்தந்தூரத்துல உக்காந்துக்கிட்டுக் கேக்கோணுமா அதையெல்லாம்?” ஓகோ. நார் பல்லிடுக்கிலிருந்து வெளியே வந்துவிட்டது. இவ்வளவுதானா, இதற்கா பட்டுத் துணி, புகை, மேளம்? “ஆருங் பேசறது?” “எல்லாருந்தான்.” “எல்லாருக்கும் பேரு இருக்குமல்லங் மாமா. ஒரு பேரு சொல்லுங்.” பூபதியின் கண் தன்னையறியாமல் ஒரு பக்கம் போனது. பரணி, “நான் பொதுவா ஒரு வார்த்த சொன்னதுதாங்ண்ணி” என்றான் கூரையைப் பார்த்து. கோகிலவாணி குட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு எழுந்தாள். கோபம் வரும் என்று ஒரு கணம் காத்திருந்தாள், வரவில்லை. வயிற்றிலிருந்து பழைய சிரிப்புதான் வந்தது, கொஞ்சம் கசந்து. “எங்க போறன்னு கேட்டாச் சொல்லிருங் தம்பி. ஊசி போட, ரேசனுக்கு, எங்கம்மாளப் பாக்க. சும்மா ஒருதரம் கரும்புச்சாறு குடிக்க” என்று சொல்லிவிட்டு, வெளியே வெயிலுக்குள் போனாள்.

டேப்காரன் குழந்தை நாற்காலியைக் கழற்றித் தரையில் வைத்திருந்தான். சாவியை நீட்டச் சொன்னாள். அவன் உள்ளே கண்ணாடியைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், நீட்டிவிட்டான். குட்டியை ஒரு தோளில் வைத்துக்கொண்டே நாற்காலியைத் தூக்கிப் பின் சீட்டில் உள்ளே தள்ளி, பட்டுப்புடவையோடு முழங்காலை ஊன்றி அழுத்தினாள். ஏசியை விட்டு வந்ததும் கழுத்தில் வேர்வை விட்டது. போகட்டும், பரணி வண்டியிலேயே வரட்டும், வீட்டுக்கு வந்தால் சோறு இருக்கும், பேச்சு இருக்குமோ இருக்காதோ. எத்தனை நாளைக்கு? பெரியவர்களைக் கூட்டிப் பேசுவானோ? எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து ஒரு சின்னக் காரைப் பற்றி நியாயம் சொல்லுவார்களோ, நினைக்கவே கேவலமாக இருக்கிறது. குட்டியை உள்ளே உட்கார்த்தி, பெல்ட்டைக்கூட மாட்டாமல் முன்னால் ஏறி என்ஜினைப் போட்டாள். போட்டவள் கிளம்பவில்லை. வண்டியை அப்படியே உறும விட்டு உட்கார்ந்திருந்தாள், ஏன் கிளம்பாமல் இருக்கிறோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டு. உள்ளே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த மலை நிறத்து வண்டியைக் கூட்டம் மொய்த்திருந்தது. வாசலில் பரணி தன் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, “அண்ணா, வாங்க, என்ற வண்டில போலாம்” என்று கூப்பிடுவது கேட்டது. பூபதி படியில் நின்றான். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தான், மடித்து வைத்தான், மறுபடி எடுத்தான். அப்புறம் இறங்கி வந்தான், பரணியின் பக்கம் இல்லை.

பின்கதவைத் திறந்து, குட்டியின் பெல்ட்டை மாட்டப் பார்த்தான். கொக்கி எது, ஓட்டை எது என்று தெரியாமல் அங்கேயும் இங்கேயும் இழுத்தான். “அது மேல்கொக்கிங் மாமா. இந்தப் பக்கம்” என்று அவள் சீட்டுக்கு மேலாக எட்டிச் சொடுக்கினாள். கதவைத் தூக்கிச் சாத்தினான். சுற்றி வந்து முன்னால், இடது பக்கம், ஒருநாளும் உட்கார்ந்திராத சீட்டில் உட்கார்ந்தான். முட்டி டேஷ்போர்டில் இடித்தது. “அடியில ஒரு கம்பி இருக்குது பாருங். அத இழுத்துட்டுப் பின்னால தள்ளுங்.” தள்ளினான். கேட் வரைக்கும் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு போனாள். காவல்காரர் சங்கிலியை அவிழ்த்துவிடக் காத்திருந்தபோது பூபதி தொண்டையைச் செருமினான். “அந்த முன்மூஞ்சி கொஞ்சம் எச்சாப் பெருசாப் போச்சோ? உனக்கு எப்படித் தெரிஞ்சுது?” வாய், கைப்பிடி, கண்ணாடிக் கூரை, வெள்ளைச் சீட்டு, அத்தனையும் நாக்கு நுனிக்கு ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. இத்தனை நாளாகச் சேர்த்து வைத்தது. சங்கிலி இறங்கியது. “மூஞ்சிக்கென்னங், நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள், உள்ளதைத்தான் சொன்னாள். “அந்தப் பக்கம் ஆராச்சு வர்றாங்களான்னு பாருங்.” பூபதி கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிப் பார்த்தான். “ஆருமில்ல,” என்றான், “போ.”